ஆறு நெல் கொள்வனவு நிலையங்களின் தரவை லுக்கர் ஸ்டுடியோவில் எப்படி இணைப்பது? பிளெண்ட் செய்தால் மொத்தம் ஏன் கூடி வருகிறது?

கேள்வி கேட்டவரின் சங்கத்தின் நிலை இது: கிரான், செங்கலடி, வவுணதீவு, வெல்லாவெளி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஆறு நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கூகுள் ஷீட். ஆறையும் கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில் தனித்தனித் தரவு மூலமாகச் சேர்த்து பிளெண்ட் செய்தால் (அட்டவணைகளை இணைத்தால்) கிலோ மொத்தம் பல மடங்காக வருகிறது, ஆறாவது நிலையத்தைச் சேர்க்கவும் முடியவில்லை. ஷீட்டில் ஒரு தலைப்பை மாற்றினால் வரைபுகள் உடைகின்றன.

ஆறாவது சேராததற்குக் காரணம் எளிது. ஒரு பிளெண்டில் அதிகபட்சம் 5 அட்டவணைகள்தான். ஆனால் அந்த வரம்பு இல்லாவிட்டாலும் பிளெண்ட் உங்களுக்கு உதவாது. அது அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கம் ஒட்டும். உங்களுக்கு வேண்டியதோ ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. திகதியைச் சாவியாக, அதாவது இரண்டு அட்டவணையையும் பொருத்தும் நிரலாக வைத்து, நெல்லினத்தையும் இரண்டு பக்கமும் சேர்த்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாளில் கிரானில் 3 இனமும் செங்கலடியில் 4 இனமும் வந்திருந்தால், ஒட்டியபின் அந்த நாளுக்கு 12 நிரைகள் உருவாகும். கிரானின் ஒவ்வொரு கிலோவும் நான்கு தரம் எண்ணப்படும், செங்கலடியின் ஒவ்வொரு கிலோவும் மூன்று தரம். மொத்தம் ஊதிப்போவது இப்படித்தான்.

அடுக்குகிற வேலையை ஷீட்டிலேயே முடியுங்கள். எனக்குச் சரியாகப் படுவது, ஆறு நிலையமும் ஒரே ஷீட்டில் எழுதுவது. ஒரு கூகுள் ஃபோர்ம் போதும். நிலையம், நெல்லினம், போகம் மூன்றும் தெரிவுப் பட்டியலாக இருக்கட்டும், கையால் தட்டச்சிட விடாதீர்கள். நிலையங்கள் தங்கள் ஷீட்டை விட மறுத்தால், ஏழாவதாக ஒரு ஷீட் திறந்து, வேறு ஷீட்டிலிருந்து தரவைக் கொண்டுவரும் இம்போர்ட்ரேஞ்ச் வாய்பாடுகள் ஆறையும் நெளிவு அடைப்புக்குள் அரைப்புள்ளி போட்டு அடுக்கி, குவெரி வாய்பாட்டால் வெற்று நிரைகளைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு மூல ஷீட்டுக்கும் முதல் தடவை அனுமதி கொடுக்க வேண்டும். அடுக்குவதற்கு முன் ஆறு வாய்பாட்டையும் தனித்தனிக் கலங்களில் ஒருமுறை போட்டு அனுமதியை அமுக்கிவிட்டால், பிறகு எந்த நிலையம் பிழை தருகிறது என்று தேட வேண்டியிருக்காது.

தாளின் வடிவத்தில் விட்டுக்கொடுக்க முடியாத விடயங்கள் சில உண்டு. தலைப்பு ஒரே ஒரு நிரை, அதுவும் முதல் நிரை. இணைத்த கலம் எங்கும் கூடாது. கீழே மொத்தம் எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள்; அந்த நிரையும் ஒரு கொள்வனவாக எண்ணப்பட்டு மொத்தம் இரட்டிக்கும். கிலோ நிரலில் எண் மட்டும் இருக்கட்டும். "1250 கிலோ" என்று எழுதினால் அது எழுத்தாகிவிடும், கூட்ட முடியாது. மூட்டையை எண்ணி கிலோவாக மாற்றுவதும் வேண்டாம், மூட்டைக்கு மூட்டை எடை வேறு. பழைய பதிவு புசலில் இருந்தால் மாற்றலாம், நெல்லுக்கு ஒரு புசல் சுமார் 20.9 கிலோ.

திகதியில்தான் அதிகம் சறுக்கும். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். புதிய ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு எழுத்து முறை என்ற அமைப்பு) பெரும்பாலும் அமெரிக்காவாக இருக்கும், அங்கே மாதம் முதலில். 05/03/2025 என்று எழுதினால் அது சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். 25/03/2025 ஐ அதனால் புரிந்துகொள்ள முடியாது, எழுத்தாகவே கிடக்கும். ஆக மாதத்தின் முதல் 12 நாட்கள் வேறு மாதங்களுக்குச் சிதறும், மீதி வரைபில் வரவே வராது. ஃபைல் பட்டியலில் செட்டிங்ஸ் திறந்து, லொகேலை ஐக்கிய இராச்சியம் என்றும் நேர வலயத்தைக் கொழும்பு என்றும் மாற்றுங்கள். ஏற்கனவே தவறாக ஏறிய திகதிகள் இதனால் திருந்தாது; அவற்றைக் கொள்வனவுத் துண்டோடு ஒப்பிட்டுத் திரும்ப எழுதத்தான் வேண்டும். இன்னொன்று: பெரும்போகம் இரண்டு ஆண்டில் படுவதால் 2024/25 என்று எழுதுகிறோம். 25 ஆம் மாதம் இல்லாததால் இது எழுத்தாகவே தப்பிவிடும். பழைய பதிவில் 2010/11, 2011/12 இருந்தால் எக்செல் அவற்றை நவம்பர் 2010, டிசம்பர் 2011 என்று திகதியாக்கிவிடும். போக நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டச்சிடுங்கள்.

இனி இடப்பெயர். நம் பக்கத் தரவில் வேறெதையும் விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்கு இரண்டு பெயர் புழங்குகிறது: மண்முனை மேற்கு என்று ஒருவர் எழுத, வவுணதீவு என்று மற்றவர் எழுதுவார். கோறளைப்பற்று தெற்கு, கிரான். போரதீவுப்பற்று, வெல்லாவெளி. ஏறாவூர்ப்பற்று, செங்கலடி. வவுணதீவையே றன்னகரம் போட்டு எழுதுவோரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் இருக்கிறது. 'கோ', 'போ' இரண்டிலும் வரும் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் தட்டச்சிடலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் தட்டச்சிடலாம். திரையில் இரண்டும் ஒன்று. குறியீட்டை மட்டும் ஒப்பிடும் இடத்தில் அவை வேறு வேறு சொல். பட்டியலில் கோறளைப்பற்று இரண்டு தடவை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சப்ஸ்டிட்யூட் வாய்பாட்டில், யூனிச்சார் (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய யூனிகோட் எழுத்தைத் தரும் வாய்பாடு) 3015 உடன் 3006 சேர்ந்து வருமிடத்தை 3019 ஆக்கினால் ஓகாரம் சரியாகும். 3014 உடன் 3006 வருமிடத்தை 3018 ஆக்கினால் ஒகரம் சரியாகும். ட்ரிம் வாய்பாடு முன்பின் இடைவெளிகளை எடுக்கும். பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் சேர்க்கவே வேண்டாம், வரைபில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

நிரந்தரத் தீர்வு, பெயரைச் சாவியாக வைக்காமல் குறியீட்டை வைப்பது. அரச தொகைமதிப்புக் குறியீட்டில் மட்டக்களப்பு 51, அம்பாறை 52. பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு அதன்கீழ் இலக்கங்கள் உண்டு. பெயர்கள் ஒரு தனித் தாளில், குறியீட்டுக்கு ஒரு நிரை. இந்தச் சிறு தாளைச் சேர்ப்பதற்குத்தான் பிளெண்ட் பொருத்தம்: இடப்பக்கம் கொள்வனவு, வலப்பக்கம் பெயர், இணைப்பு வகை லெஃப்ட் அவுட்டர் (இடப்பக்க நிரைகள் எல்லாம் அப்படியே நிற்கும்). வலப்பக்கத்தில் ஒரு குறியீடு இரண்டு முறை வராத வரை மொத்தம் மாறாது. குறியீட்டின் வகையை தரவு மூலத்திலேயே டெக்ஸ்ட் ஆக்க மறக்காதீர்கள். எண்ணாக விட்டால் கருவி அதைக் கூட்டத் தொடங்கும், 51 உம் 51 உம் 102 என்று.

விலைக்கும் ஈரப்பதனுக்கும் அதே கவனம் வேண்டும். இயல்பாக இரண்டையும் கூட்டும். சராசரி என்று மாற்றினாலும் பிழைதான். 100 கிலோ 120 ரூபாவுக்கும் 10,000 கிலோ 100 ரூபாவுக்கும் வாங்கியிருந்தால் சாதாரண சராசரி 110 ரூபா. உண்மையில் கிலோவுக்குக் கொடுத்தது 100.20. கிலோவை விலையால் பெருக்கிக் கூட்டி, கிலோக் கூட்டுத்தொகையால் வகுக்கும் கணிப்புப் புலம் ஒன்றை எழுதுங்கள். அதை வரைபுக்குள் எழுதாமல் தரவு மூலத்தில் எழுதுங்கள், எல்லா வரைபுக்கும் ஒரே கணக்கு போகும்.

வரைபு உடைவது பற்றி. அறிக்கைக்குள்ளிருந்து சேர்க்கும் மூலம் அந்த அறிக்கைக்குள் மட்டும் பதிந்திருக்கும். ரிசோர்ஸ் பட்டியலில் சேர்த்த தரவு மூலங்களைத் திறந்து, அதை ரீயூசபிள் ஆக்கிவிட்டால் பல அறிக்கைகள் ஒன்றையே பயன்படுத்தலாம், திருத்தமும் ஓரிடத்தில் போதும். ஷீட்டில் தலைப்பை மாற்றினால் கருவி அதைப் பழைய புலம் காணாமல் போய்ப் புதிய புலம் வந்ததாக எடுக்கும்; அதை நம்பிய கணிப்புப் புலங்களும் சேர்ந்து உடையும். ஆகவே அழகான பெயர் வேண்டுமென்றால் தரவு மூலத்துக்குள் புலப் பெயரை மாற்றுங்கள், ஷீட்டைத் தொடாதீர்கள். புது நிரல் சேர்த்தால் அது தானாக வராது, எடிட் அமுக்கி ரிஃப்ரெஷ் ஃபீல்ட்ஸ் கொடுக்க வேண்டும். புதிய நிரைகளுக்கு அது தேவையில்லை. கூகுள் ஷீட்டுக்கு இயல்பான புதுப்பிப்பு 15 நிமிடம், அதற்கு முன் பார்க்க வேண்டுமானால் ரிஃப்ரெஷ் டேட்டா.

நெட் சரியாக இல்லாத நிலையத்திலிருந்து எக்செல் வந்தால், சீஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையில் சேமித்துத் தரச் சொல்லுங்கள். வெறும் சீஎஸ்வி என்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். கோப்பை நேரே பதிவேற்றினால் ஒவ்வொரு தடவையும் நிரல்களின் பெயரும் வரிசையும் முன்னையதைப் போலவே இருக்க வேண்டும்.

கடைசியாக அனுமதி. மூலத்தை ஓனர்ஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று வைத்தால், அறிக்கையைப் பார்ப்பவருக்கு ஷீட்டில் அனுமதி தேவையில்லை. சங்க உறுப்பினர்களுக்குக் காட்ட அது வசதி. ஆனால் அதை ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயிலில் செய்தால், அவர் விலகி ஷீட்டின் அனுமதி எடுபட்ட அன்றே எல்லா அறிக்கையும் நின்றுவிடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, ஷீட்டும் மூலமும் அறிக்கையும் அதன் உரிமையில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் இரண்டாம் படிச் சரிபார்ப்பும் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். வெள்ளாமைக்காரர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு மூன்றையும் இந்த மூலத்துக்குள் கொண்டுவரவே கூடாது. வரைபில் போடாவிட்டாலும், அறிக்கையைத் திருத்தும் அனுமதி உள்ள எவரும் அந்தப் புலத்தை இழுத்துப் பார்க்கலாம். அவற்றைத் தனி ஷீட்டில் வைத்து, கொள்வனவுத் தாளில் விவசாயி இலக்கம் மட்டும் எழுதுங்கள். இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதற்கும் மேலாக, நெல்லை நம்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் விபரம் அது.