கோயா, வீட்டுக்கு வா!

கேள்வி: அமெரிக்கக் கிராமத்துத் தொகுதி என்றால் குடியரசுக் கட்சிதானா?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: மினசோட்டாவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். கோதுமை விளையும் பூமி. 1954-இல் அங்கே ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் கோயா கனூட்சன். அந்த மாநிலம் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுப்பிய முதல் பெண். 1958-இல் 'கோயா, வீட்டுக்கு வா' என்று கணவர் கையெழுத்தோடு பத்திரிகைகளில் கடிதம் வந்தது. பின்னால் இருந்தது சொந்தக் கட்சிக்காரர்களே. (எந்த ஊரானாலும் இதேதானா!) நாடெங்கும் அவர் கட்சி அலை அடித்த வருடம், சுமார் 1,400 ஓட்டில் தோற்றார்.

அப்புறம் அதே பக்கத்தில் அதே கட்சியின் காலின் பீட்டர்சன், 30 வருடம் அசையவில்லை. சொந்த விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு தொகுதி சுற்றுவார். 2016-இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப்புக்கு ஓட்டை அள்ளிக் கொடுத்தவர்கள் இவரையும் ஜெயிக்க வைத்தார்கள். 2020-இல்தான் கைவிட்டார்கள்.