நிழல் தெருவுக்கு, குப்பை உங்களுக்கா?

கேள்வி: கோவை வடவள்ளிப் பக்கம் வீடு. காம்பவுண்டுக்கு வெளியே பெரிய புங்கமரம். எந்நேரமும் குப்பை, நானேதான் கூட்ட வேண்டும். கொசுவும் அதிகம். எட்டு வயது மகனுக்கு வீசிங் வேறு. வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். மரம் என்ன பாவம் பண்ணுச்சு என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: நான் மாமியார் கட்சி. ஆனால் மரத்துக்கு முழு நற்சான்றிதழ் தரமாட்டேன்.

முதலில் பையன். புங்கம்பூவின் மகரந்தத்தைத் தேனீக்கள்தான் சுமக்கின்றன. காற்றில் அவ்வளவாகப் பறக்காது. பக்கத்தில் காலி சைட் இருந்தால், இடுப்புயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தைத் தேடுங்கள். தும்மல், தோல் அரிப்பு, சிலருக்கு வீசிங்கும் அதனால் வரும். எதற்கும் டாக்டரிடம் அலர்ஜி டெஸ்ட் பற்றிக் கேளுங்கள்.

டெங்கு கொசு பிறப்பது தேங்கிய நல்ல தண்ணீரில். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி என எதில் நின்றாலும் ஒரு வாரம், பத்து நாள் போதும். கொட்டிவிட்டுத் தேய்த்தும் கழுவுங்கள். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாக்கடைக் கொசு வேறு ரகம். சருகு அடைத்துச் சாக்கடை தேங்கினால் அதில் மரத்துக்கும் பங்குண்டு.

மரத்தின் நிஜமான ஆபத்து ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த கிளைகளை, கம்பியில் உரசுபவற்றை வைகாசிக்குள் கழித்துவிடச் சொல்லுங்கள். ஒரே பக்கம் மொட்டையடித்தால் பாரம் மறுபக்கம் சாயும். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஸ்கூட்டர் அப்பளமானது. தெருவோர மரம் என்பதால் அடியோடு வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சித்திரையில் மதியம் மூன்று மணிக்கு அவரை நிழல் விழும் சுவரில் ஒரு கை, வெயில் சுவரில் ஒரு கை வைக்கச் சொல்லுங்கள்.

சரி, குப்பை. அந்த நிழலில் வண்டி நிறுத்துவது தெருவே. உதிர்ந்த இலையையும், பொரி கொட்டியதுபோல் கிடக்கும் பூவையும் வாருவது நீங்கள் ஒருத்தி. கடிதத்தில் கோபம் அங்கேதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சீமாறு கணவர் கைக்குப் போகட்டும். சருகை மட்டும் எரித்துவிடாதீர்கள், பையனின் நெஞ்சுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. ஒரு குழியில் போட்டு மக்க விடுங்கள். நம் ஊரில் வயலில் உரத்துக்குப் புங்கந்தழை மிதித்தவர்கள்தானே உங்கள் மாமியார் காலத்துக்காரர்கள், அவரையே கேளுங்கள்.