சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லுக்கு என்ன பெயர்?

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்காகச் சொற்புதிர்ப் பக்கம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். தேங்காயில் காய், வேங்கையில் கை, கடிகாரத்தில் காரம், நகத்தில் அகம் எனச் சொல்லுக்குள் இருக்கும் சொற்களைத் தொகுத்துள்ளேன். இவற்றுக்கு இலக்கணத்தில் பெயர் உண்டா? எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் தரலாமா?

பதில்: நீங்கள் தந்த நான்கும் நான்கு வகையானவை என்பதால், ஒரே இலக்கணப் பெயர் அவற்றுக்குப் பொருந்தாது.

தேங்காயில் காய் ஒளிந்திருக்கவில்லை; அது தன் பொருளோடு வெளிப்படையாகவே நிற்கும் உறுப்பு. அங்கே உண்மையில் மறைந்திருப்பது தென்னையைக் குறிக்கும் ‘தெங்கு’ என்னும் சொல்லாகும். காய் என்னும் சொல் வந்து சேரும்போது தெங்கின் முதலெழுத்து நீண்டு, ஈற்று உயிர்மெய் கெட்டுத் தேங்காய் என்றாகும் என்பதற்கு நன்னூல் தனி நூற்பாவே வகுத்துள்ளது. புதிரில் ‘தேங்காய்க்குள் இருக்கும் மரம் எது?’ என்று கேட்பதே சுவையானது.

வேங்கைக்கு இலக்கணம் தரும் பெயர் பொதுமொழி. பிரியாமல் நின்றால் மரத்தையோ புலியையோ குறிக்கும் அச்சொல், வேம் + கை என்று பிரிந்தால் வேகின்ற கை என்று பொருள்படும். எட்டு என்பதும் எண்ணாக நிற்பதோடு, எள் + து எனப் பிரிந்து எள்ளை உண் என்றும் பொருள் தரும். இங்கே சொல் முழுவதும் மிச்சமின்றிப் பிரிந்து பொருள் தரவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இத்தகைய பிரிப்பைப் புலவர் ஒருவர் செய்யுளில் இரு பொருளும் தோன்ற ஆண்டால் அது பிரிமொழிச் சிலேடை எனப்படும்.

கடிகாரத்தில் காரம் இருப்பது முற்றிலும் தற்செயல். நாழிகையைக் குறிக்கும் கடிகை என்னும் சொல்லோடு உறவுடைய அச்சொல்லுக்கும் காரச் சுவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவ்வகைக்கு ‘கரந்துறை சொல்’ என்று பெயரிடலாம் என்பது என் பரிந்துரை. ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளின் எழுத்துகளை மறைத்து வைக்கும் சித்திரகவிக்கு (எழுத்து விளையாட்டாக அமையும் பாடலுக்கு)க் கரந்துறைச் செய்யுள் என்ற பெயர் முன்பே இருப்பதால், இது மரபோடு இயல்பாக ஒட்டும். ‘உள்ளுறை’ என்று பெயரிட வேண்டாம். அது அகப்பாடல்களில் இயற்கை வருணனைக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமத்தோடு குழப்பும்.

நான் மிகவும் கவலைப்படுவது நகத்தைப் பற்றித்தான். ஒலியாகப் பிரித்தால் ந் + அகம் என்று அகம் கிடைக்கிறது; எழுதிக் காட்டினாலோ அங்கே ‘அ’ என்ற எழுத்தே இல்லை, ‘கம்’ மட்டுமே உள்ளது. பாலத்தில் பால் இருப்பதும் இப்படித்தான்: காதுக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. ஒலியா எழுத்தா என்பதை முதலிலேயே அறிவிக்காவிட்டால் சரியாக விடை எழுதிய மாணவருக்கும் மதிப்பெண் போகும். எழுத்தைக் கணக்கிடுவதே நல்லது என்பேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் கூறும் எழுத்து வருத்தனம் என்னும் சொல் விளையாட்டும் அப்படியே நடக்கிறது: தலையைக் குறிக்கும் ‘கம்’ என்பதன் முன் ஓரெழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போனால் நகம் (மலை), கநகம் (பொன்), கோகநகம் (தாமரை) என்று வளரும். எனவே உங்கள் பட்டியலில் ‘நகத்தில் கம்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இடம் மிஞ்சினால், தண்டியலங்காரமே காட்டும் வினாவுத்தரம் ஒன்றையும், அதாவது பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் கிடைக்கும் புதிர் ஒன்றையும் சேருங்கள். பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுபவன் சொல்வது என்ன? ஏகு. போரிடும் சரத்தின் பெயர்? அம்பு. அழகின் பெயர்? அம். நான்கையும் புணர்த்தினால் பிறைசூடிய சிவன் உறையும் காஞ்சித் தலமான திருவேகம்பம் கிடைக்கும். மாணவர்களிடம் கேள்விகளை மட்டும் கொடுத்து, ஊர்ப்பெயரை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.