பழைய எஸ்550 காரைத் தானம் கொடுத்தால் வரியில் எவ்வளவு கழியும்?

கலிஃபோர்னியாவில் 2008 மெர்சிடிஸ் எஸ்550, காற்றால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இறங்கிவிட்டது, இணையத்தில் 7,000 டாலர் மதிப்பு காட்டுகிறது, தொண்டு நிறுவனத்துக்குத் தானம் கொடுத்தால் அதை அப்படியே வருமான வரிக் கணக்கில் கழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாதுங்க. அந்த 7,000 ஓடுகிற வண்டிக்கான விலை. தொண்டு நிறுவனம் ஏலத்தில் விற்றால், விற்ற தொகைக்கு மேல் கழிக்க முடியாது: 1,200-க்குப் போனால் அதிகபட்சம் 1,200. ஐந்நூறோ அதற்குக் கீழோ போனால், சந்தை மதிப்பு, 500 இரண்டில் எது குறைவோ அது. அவர்களே வைத்து ஓட்டினாலோ, பெரிய பழுது நீக்கி விற்றாலோ, ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலோதான் சந்தை மதிப்பைக் காட்டலாம். இந்த சஸ்பென்ஷனுக்கு யாரும் கைக்காசு போடமாட்டார்கள்.

விற்ற 30 நாளுக்குள் வண்டி தானத்துக்குச் சான்றான 1098-சி படிவம் அனுப்புவார்கள். 500-க்கு மேல் கழிக்க அதுவும், பணமல்லாத நன்கொடைக்கான 8283 படிவமும் கட்டாயம். நீங்கள் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான தொகையைக் கழிக்கும்) ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர் என்றால் ஒரு டாலரும் மிஞ்சாது, மெக்கானிக்கிடம் விற்றுவிடுங்கள்.

கொடுப்பதாக இருந்தால், வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியை முன்கூட்டியே கேளுங்கள். சக்கரத்தைத் தூக்கி இழுத்தால் பம்பர் தரையில் உரசும். பிங்க் ஸ்லிப்பில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வாங்குபவர் பெயரை வெற்றாக விடாதீர்கள். கொடுத்த 5 நாளுக்குள் டிஎம்வி (மாநில வாகனத் துறை) தளத்தில் உரிமை விடுப்பு அறிவிப்பைப் பதியுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.