கீமோவின்போது வெள்ளையணு குறைந்தால் எதற்கு ஊசி?

மும்பை பரேலில் கீமோ என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை முடித்துத் தாராவிக்குத் திரும்புகிறவர்கள் சிலர் ஐஸ் பையில் ஓர் ஊசி மருந்தும் கொண்டுபோவார்கள். பெயர் ஃபில்கிராஸ்டிம். கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். அதில் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் மாட்டிக்கொள்வதால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைகின்றன. உடம்பே சுரக்கும் ஒரு புரதத்தைப் போலச் செய்ததுதான் இந்த மருந்து. இட்லிக் கடையில் கூட்டம் சேர்ந்ததும் ‘அடுத்த ஈடு சீக்கிரம்!’ என்று உள்ளே குரல் கொடுப்பார்களே, அப்படி மஜ்ஜையை முடுக்கிவிடும்.

கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் போடுவார்கள். இல்லாவிட்டால் புதிதாகப் பெருகும் செல்களும் அடிவாங்கும். ஃபிரிட்ஜில் வைக்கணும், ஃப்ரீசரில் வேண்டாம். ஊசி போட்டபின் சிலருக்கு இடுப்பு, முதுகெலும்பு குடையும். டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அது மஜ்ஜை மும்முரமாவதன் வலிதான்.

அப்புறம், ஊசி போட்டாச்சு, இனி காய்ச்சலுக்குப் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு, 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.