மறைத்துப் பார்த்த படமும் சேர்ந்து பார்க்கும் சீரியலும்

கேள்வி: என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். சினிமாவுக்குப் போவதில்லை என்பது என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகன், நண்பன் வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாளே போய் வந்திருக்கிறான். துவைக்க எடுத்த சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்ற வசனத்தைச் சொல்லிக் கண்டித்த என் கணவர், அதன்பின் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகனோ என்னிடம், "நீங்களும் பாட்டியும் தினமும் சீரியல் பார்க்கலாம், நான் ஒரு படம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்கிறான். கிறிஸ்தவர்கள் சினிமா பார்ப்பது பாவமா? அவனை எப்படி வழிநடத்துவது?
- ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. மகன் படம் பார்த்தது ஒன்று. படிக்கப் போவதாகப் பொய் சொன்னது மற்றொன்று. பொய் தவறு என்பதில் அவனுக்கே சந்தேகம் இருக்காது. ஆனால் கண்டிப்பு முழுவதும் படத்தின்மேல் விழுந்துவிட்டதால், பொய்யைப் பற்றி யாரும் அவனோடு உட்கார்ந்து பேசவில்லை என்று தெரிகிறது. அனுமதி கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். கேட்பதற்கே இடமில்லாத வீட்டில் பிள்ளைகள் மறைக்கப் பழகிக்கொள்கிறார்கள். இது அவன் செய்ததை நியாயப்படுத்தாது என்றாலும், இனி நீங்கள் எடுத்துவைக்கும் அடி எதுவானாலும் அது அவன் உங்களிடம் மறுபடியும் உண்மையைச் சொல்வதற்கு வழி திறப்பதாக இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சினிமா பார்ப்பது அதனளவிலேயே பாவம் என்று தீர்ப்புச் சொல்ல வேதாகமத்தில் ஆதாரம் இல்லை. அதற்காக, பொழுதுபோக்குதானே என்று எதையும் கண்முன் கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் வேதம் நமக்கு இடம் தரவில்லை. "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்று 101-ஆம் சங்கீதம் சொல்கிறது. கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்று சொல்லிவிட்டு, "ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆகவே, எதைப் பார்க்கிறோம், அது நமக்குள் எதை விதைக்கிறது, அதை விட்டுவிட நம்மால் முடிகிறதா என்ற மூன்றையும் கேட்காமல் பொதுவாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவது எளிது. அது உங்கள் மகனுக்கு உதவாது.

உங்கள் மாமனாரின் கட்டுப்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தத் தலைமுறையில் கன்வென்ஷன் கூட்டங்களில் மனந்திரும்பிய அநேகருக்குக் குடியையும் சீட்டாட்டத்தையும் விட்டதோடு கொட்டகைக்குப் போவதையும் விட்டதுதான் புதிய வாழ்க்கையின் வெளிப்படையான அடையாளமாக இருந்தது. கூலிப் பணம் டிக்கெட்டாகக் கரைந்துபோன வீடுகளில் அந்தத் தீர்மானம் பிள்ளைகளின் வயிற்றை நிறைத்தது. அவர்கள் பெரிய விலை கொடுத்துத்தான் அந்த வேலியைப் போட்டார்கள். ஆனால் அது கொட்டகை வாசலில் போட்ட வேலி. இன்று படம் பையனின் கைப்பேசியில், போர்வைக்குள், நள்ளிரவில் ஓடுகிறது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வந்து, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்று, தியேட்டர் பக்கமே போகாத ஒரு வாலிபன், தியேட்டரில் திரையிட அனுமதியே கிடைக்காத காட்சிகளைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். வாசலில் நிற்கும் காவலை நம்பி, உள்ளே நடப்பதைக் கவனியாமல் விட்டுவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சினிமாவின் வரலாற்றையும் உங்கள் கணவர் அறிந்திருப்பது நல்லது. 1905-ஆம் ஆண்டில் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயம்புத்தூர்க் கிறிஸ்தவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை. நம் மக்களில் பலர் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்த சலனப்படம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். கருவி யார் கையில் இருக்கிறது, என்ன காட்டுகிறது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

உங்கள் கணவர் எடுத்துச் சொன்ன வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 15:33-இல் உள்ள அந்த வாக்கியம், மெனாந்தர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் நாடகத்தில் வந்த வரி என்பது வேத அறிஞர்களின் பொதுவான கருத்து. அக்காலத்து மேடையில் பேசப்பட்ட ஒரு வசனத்தைப் பவுல் எடுத்து, சபையை எச்சரிக்கப் பயன்படுத்துகிறார். ஏதென்ஸ் நகரத்தின் மார்ஸ் மேடையிலும் அவர் அப்படியே, "நாம் அவருடைய சந்ததியார்" என்று அந்த மக்களின் புலவர் பாடியதை அவர்களுக்கே எடுத்துக்காட்டித் தேவனைப் பற்றிப் பேசினார். தம் காலத்து மக்கள் எதைக் கேட்டு ரசித்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் மெய்யானது எது, கேடானது எது என்று பிரித்தறியவும் தெரிந்திருந்தது. அந்த எச்சரிக்கையை நாம் அப்படியே ஏற்க வேண்டும். எச்சரித்தவருக்கு இருந்த அறிவையும் நாம் நாட வேண்டும்.

நம் தமிழ்ச் சபையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், அரசவையிலும் கோயில்களிலும் ஆடிக் களித்த குறவஞ்சி என்ற நாடக வகையை எடுத்து, இயேசுவைத் தலைவனாகவும் திருச்சபையை அவர்மேல் காதல் கொண்ட நாயகியாகவும் வைத்துப் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். இன்று ஆலயத்தில் பயபக்தியோடு நாம் பாடும் அவருடைய கீர்த்தனைகளின் இராகங்கள், அவர் காலத்தில் அரசவையிலும் கச்சேரியிலும் புழங்கியவைதாம்.

இப்போது எனக்கு மிகுந்த பாரமாக இருக்கும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சினிமாவில் உள்ள தீமை என்று நம் பிரசங்கங்களில் எதை எண்ணுகிறோம்? குத்துப்பாட்டு, அரைகுறை ஆடை, குடி, சிகரெட். இவை தவறில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியல் மிகவும் சிறியது. கதாநாயகன் தன் குடும்பத்தைக் கொன்றவர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும்போது அரங்கமே எழுந்து விசிலடிக்கிறது. பாடல் காட்சி இல்லையென்றால் அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று நாமும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருக்க, பழிவாங்குகிறவனுக்காக இரண்டரை மணி நேரம் நம் இருதயம் ஏங்கித் துடிக்கிறது. இது நமக்குள் வேலை செய்யாமல் போகுமா? ஒரு பெண் வேண்டாமென்று சொன்ன பிறகும் அவள் கல்லூரிக்கும் பேருந்துக்கும் பின்னாலேயே அலைந்து, கடைசியில் அவளைச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று எத்தனையோ படங்கள் நம் பையன்களுக்குக் கற்பித்திருக்கின்றன. கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்யும் நகைச்சுவைக்கு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். இன்ன சாதிக்காரன் என்ற பெருமிதத்தையே வீரமாகக் காட்டும் படங்கள் ஊர்ப்பக்கங்களில் என்ன நெருப்பை மூட்டுகின்றன என்பதைத் தென் மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனை இவை அவமதிக்கின்றன. இவற்றைப் பற்றி வாலிபர் கூடுகையில் யாராவது பேசக் கேட்டிருக்கிறீர்களா?

முதல் நாள் காட்சியைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். கட்-அவுட்டுக்கு மாலை போட்டு, பாலாபிஷேகம் செய்து, ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கும் இடத்தில் கேள்வி வெறும் கதையைப் பற்றியது அல்ல, ஆராதனையைப் பற்றியது. ஆதித் திருச்சபையின் பேராயரான அகஸ்டின் தமது அறிக்கைகள் நூலின் ஆறாம் பகுதியில், சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போன தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதுகிறார். கொலை விளையாட்டுகளை வெறுத்த அவரை, உடன் படித்தவர்கள் விளையாட்டாக அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். "என் உடலைத்தான் கொண்டுபோகிறீர்கள், என் மனதை அல்ல" என்ற பொருளில் பேசிய அலிப்பியுஸ் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதை மூடவில்லை. ஒருவன் வெட்டுண்டு விழுந்தபோது எழுந்த பேரிரைச்சலில் என்னவென்று பார்ப்போமே எனக் கண்ணைத் திறந்தார். அதன்பின் கண்ணை எடுக்க முடியவில்லை. தாமே கூவினார், மறுபடியும் வந்தார், மற்றவர்களையும் அழைத்து வந்தார். உங்கள் மகனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தனியே பார்த்தால் முகம் சுளிக்கும் ஒன்றை, ஆயிரம் பேர் நடுவில் இருக்கும்போது நாமும் சேர்ந்து கொண்டாடிவிடுகிறோம் என்பது அவனுக்கு உடனே புரியும். பிற்காலத்தில் அதே அலிப்பியுஸ் தம் சொந்த ஊரான தாகாஸ்தேயில் பேராயர் ஆனார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சீரியலைப் பற்றி அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவன் வாயை அடைக்காதீர்கள். மருமகளின் பாலில் விஷம் கலப்பதும், ஒட்டுக்கேட்டுக் குடும்பத்தைப் பிரிப்பதும், கண்ணீர் விட்டுக்கொண்டே சூழ்ச்சி செய்வதுமாக ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர்கள், தியேட்டரில் ஓடும் படத்தைவிட எந்த விதத்தில் பரிசுத்தமானவை? படம் ஒரு மாலையோடு முடிந்துவிடும்; சீரியல் வாரம் முழுவதும் நம் வீட்டுக்குள் குடியிருக்கிறது. இரவு எட்டு மணிக் குடும்ப ஜெபம் சீரியல் முடியட்டும் என்று ஒன்பதரைக்குத் தள்ளிப்போகிறதென்றால், பவுல் சொன்ன அடிமைத்தனம் அதுவே. "நீ கேட்டது சரிதான், நானும் இதை யோசித்துப் பார்க்கிறேன்" என்று மகனிடம் சொல்லுங்கள். சொன்னபடி ஒரு தொடரையாவது நிறுத்துங்கள். உங்கள் அத்தையை வற்புறுத்த வேண்டாம். வயதானவருக்கு அந்த நேரத்தில் பேச்சுத்துணையாக நீங்கள் உட்கார்ந்தால் அவரே குறைத்துக்கொள்ளக்கூடும்.

இனி, நடைமுறையில் செய்ய வேண்டியது. எந்தப் படமானாலும் அதன் தணிக்கைச் சான்றிதழைப் பார்க்கும் வழக்கத்தை வீட்டில் கொண்டுவாருங்கள். 2024 முதல், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற UA பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். இந்த எண்கள் பெற்றோர் முடிவெடுக்க உதவும் வழிகாட்டுதல். A சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாத உங்கள் மகன் போக முடியாது, அது சட்டம். ஓடிடி தளங்களிலும் இதே மாதிரி வயதுக் குறியீடு உண்டு, 13+ முதல் மேலே உள்ளவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் அவனையே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். முடிந்தவுடன் பிரசங்கம் செய்யாதீர்கள். யாரை நல்லவனாகக் காட்டினார்கள், அவன் செய்தது உண்மையிலேயே நல்லதா, எந்த இடத்தில் நாம் சிரித்தோம், யாருடைய வலி நமக்குச் சிரிப்பானது என்று கேளுங்கள். அவன் பேசட்டும். பிலிப்பியர் 4:8-இல் பவுல் சொல்லும் உண்மை, ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு, நற்கீர்த்தி ஆகியவற்றில் எது அந்தக் கதையில் இருந்தது, எது இல்லை என்று அவனே எடைபோடப் பழகுவான். ஏழைக்கு இரங்கும் மனமும், அநியாயத்தைக் கண்டு பொங்கும் மனமும் சில நல்ல படங்களில் இருப்பதையும் அப்போது நீங்கள் ஒப்புக்கொள்ள நேரிடும், ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு அவன் கல்லூரிக்கோ விடுதிக்கோ போய்விடுவான். தானியேல் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். ராஜாவின் போஜனத்தை மட்டும் தொடமாட்டேன் என்று, பெற்றோர் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், தன் இருதயத்தில் தானே தீர்மானம்பண்ணிக்கொண்டான். அப்படித் தீர்மானிக்கும் பழக்கத்தை மகனுக்குக் கொடுக்க உங்களுக்கு மீதமிருப்பது இந்தச் சில மாதங்களே.

உங்கள் கணவருக்குச் சினிமாவில் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லையென்றால், அவரைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மகனும் அதைக் கேலி செய்யக் கூடாது. புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதிருக்கிறவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று ரோமர் 14-ஆம் அதிகாரம் இரு பக்கத்தாருக்கும் சொல்கிறது. ஆனால் மகனோடு பேசாமலிருப்பதற்கு எந்த வசனமும் ஆதாரமாகாது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்றுதான் கொலோசெயருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. இதைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நீங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்க வேண்டியவர் அவர்தான். பொய் தம்மை எவ்வளவு புண்படுத்தியது என்பதை அவர் மகனிடம் முதலில் சொல்லட்டும். பிறகு, அன்று பார்த்த படத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்கட்டும்.