22 லட்சத்துக்குப் பல் கிளினிக்: பத்திரத்தில் குட்வில் இருக்கிறதா?

கேள்வி: பி.டி.எஸ். முடித்து, 50,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். துறையூரில் 20 வருடமாக நடக்கும் பல் கிளினிக்கை அதன் டாக்டர் ஓய்வு பெறுவதால் விற்கிறார். மாதக் கலெக்‌ஷன் இரண்டரை லட்சம், செலவு 1.6 லட்சம் என்கிறார்கள். விலை 22 லட்சம்: கருவிகளுக்கு 6, குட்வில்லுக்கு, அதாவது கிளினிக்கின் பெயருக்கும் பழகிய நோயாளிகளுக்கும், 16. பத்திரத்தில் 6 லட்சத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார் புரோக்கர். ஆதாரமாக வருமான வரி ரிட்டர்ன் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். புரோக்கர் சொல்லும் முறையில் எந்த விலைக்கும் வேண்டாம்.

அந்த ரிட்டர்னை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அநேகமாக 44ஏடிஏ பிரிவில் போட்டிருப்பார்கள். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் டாக்டர், அதில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. 30 லட்சத்துக்கு 15 லட்சம் லாபம் என்று அதில் இருந்தால், அது யாரும் செலவைக் கழித்துப் பார்த்த லாபம் அல்ல. கேப், பிரிட்ஜ், பல்செட் செய்துகொடுக்கும் லேபின் ஒரு வருட பில்களைக் கேளுங்கள். மாதம் எத்தனை கேப் போயிருக்கிறது என்று எண்ணி, அப்பாயின்ட்மென்ட் நோட்டோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிடுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அவர்கள் சொல்லும் எண்களே சரி என்று வைத்தாலும் கையில் நிற்பது மாதம் 90,000. அதில் 50,000 உங்கள் உழைப்புக்கான கூலி. அதை இன்றே எந்த முதலும் போடாமல் வாங்குகிறீர்கள். மிஞ்சுவது 40,000, வருடத்துக்கு 4.8 லட்சம். அதற்குத்தான் 16 லட்சம் கேட்கிறார்கள். ஒன்றரை வருட உபரி, அதாவது 7 லட்சம் சொச்சம், அதற்கு மேல் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். கருவிகளைப் பத்து வருடம் முன்பு 6 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் கழித்தால் இன்று கணக்கில் 1.2 லட்சத்துக்குள்தான் நிற்கும். நாற்காலி சர்வீஸ் செய்யும் மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

கிளிப் போட்டிருக்கும் நோயாளிகளின் பட்டியலையும் கேளுங்கள். பலரிடம் முழுப் பணமும் முன்பே வாங்கியிருப்பார்கள். வைத்தியம் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கும். கம்பி மாற்றுவதும், வந்துபோகும் ஆர்த்தோ (பல் சீரமைப்பு) நிபுணருக்குப் பணம் கொடுப்பதும் உங்கள் தலையில் விழும். எவ்வளவு வாங்கியாயிற்று, எவ்வளவு வேலை மீதி என்று பெயர் பெயராக எழுதி, அதை விலையில் கழியுங்கள்.

இனி ரொக்கம். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற டாக்டருக்கு அதே அளவு அபராதம். அது அவர் பாடு. உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 'பக்கத்தில் கிளினிக் திறக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினாலும் கோர்ட்டில் நிற்காது' என்று புரோக்கர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அதே பிரிவிலுள்ள விதிவிலக்கை அவர்கள் சொல்வதே இல்லை. குட்வில்லை விற்றவர், ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள், வாங்கியவர் தொழில் நடத்தும் காலம்வரை, தானும் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமாக இருந்தால் அது செல்லும்.

குட்வில்லை விற்றவருக்குத்தான் இது. பத்திரத்தில் நாற்காலியும் கம்ப்ரஸரும் மட்டும் இருந்தால் அவர் குட்வில்லை விற்றார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ஆறு மாதம் கழித்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று அடுத்த தெருவிலேயே அவர் பலகை மாட்டினால், பழைய நோயாளிகள் அவரைத்தான் தேடிப் போவார்கள். நீங்கள் தடுக்க முடியாது. கொடுத்த ரொக்கத்துக்கு ரசீதும் இருக்காது. ஆகவே குட்வில் என்ற சொல்லும் அதற்கான தொகையும் பத்திரத்தில் வர வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும். துறையூர் நகராட்சியும் சுற்றி 5 கிலோமீட்டரும் என்பதுபோல் எல்லை போடுங்கள். திருச்சி மாவட்டம் முழுக்க என்று ஆசைப்படாதீர்கள். 2021-க்குப் பிறகு குட்வில்லுக்கு வரியில் தேய்மானம் கிடைப்பதில்லை என்பதற்காக அதைக் கருவி விலையில் ஒளித்து எழுதச் சொல்லும் ஆடிட்டர்களும் உண்டு. கேட்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் உதவி டாக்டரை இந்த விதிவிலக்கு கட்டுப்படுத்தாது, அவர் எதையும் விற்கவில்லையே.

'லைசென்ஸ் எல்லாம் கிளினிக்கோடு வந்துவிடும்' என்று சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவ நிறுவனப் பதிவுக்கு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளம், மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று எல்லாம் உங்கள் பெயருக்கு ஆக வேண்டும். அதே கட்டடம், அதே எக்ஸ்ரே, டாக்டர் மட்டும்தான் மாறுகிறார். இதற்கு ஒரே விண்ணப்பம் போதும் என்று ஏற்பாடு செய்ய இத்தனை வருடமாக அரசுக்கு மனம் வரவில்லை. இந்த அலைச்சலைக் காட்டித்தான் புரோக்கர்கள் கமிஷன் பறிக்கிறார்கள். மூன்றையும் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

விலை படிந்தால், கையெழுத்தின்போது பாதி, பழைய டாக்டர் ஆறு மாதம் கூட இருந்து நோயாளிகளை உங்களிடம் அறிமுகப்படுத்திய பிறகு மீதி என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் கட்டட உரிமையாளரை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை வருடத்துக்கு, என்ன வாடகைக்குத் தருவார் என்று அவர் எழுதிக் கொடுக்கும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.